மாமாவுக்குச் சிவப்பு அட்டை

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. உப்பு கேட்டாலும் சத்தம், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்றாலும் சத்தம்தான். இராஜபாளையத்தில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மாள் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, வீட்டில் ஏதும் சண்டையா என்று விசாரித்திருக்கிறார். அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் என்ன குழம்பு வைப்பது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்களாம். அப்புறம் அந்த அம்மாளுக்கும் பழகிவிட்டது. அப்பா பஞ்சாலையில் நூல் நூற்கும் பிரிவில் வேலை பார்த்தார். ஷிப்ட் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிவிட்டு வருகிறவர், வாசலில் செருப்போடு சேர்த்துக் குரலையும் கழற்றிப் போட்டுவிட்டு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. மில்லுக்குப் போகிற வீடுகளெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கால்பந்து ரெஃப்ரி. மில்லைப் பற்றி யாராவது கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வார். ரெஃப்ரி வேலையைப் பற்றி ஆரம்பித்தால் தட்டில் சோறு ஆறிப்போகும். சனிக்கிழமை சாயங்காலம் கறுப்புச் சட்டையையும் கறுப்பு அரைக்கால் சட்டையையும் அவரே இஸ்திரி போடுவார். அம்மாவைத் தொட விடமாட்டார். அப்போது பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஆட்டத்தின் சட்டமெல்லாம் கிடைக்கும். ஆஃப்சைடு எனக்கு ஏறவே இல்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் திட்டினால் ரெஃப்ரி என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் கதை மாதிரி மனதில் பதிந்துவிட்டது.

"ஆட்டக்காரன் வையத்தான் செய்வான். ஓடி மூச்சு வாங்குதவன் வாயில இருந்து சாமி பாட்டா வரும்?" என்பார் அப்பா. முதல் தடவை என்றால் காதில் விழாத மாதிரி இருந்துவிட வேண்டும். திரும்பவும் வந்தால் ஒரு பார்வை போதும். அதற்கும் அடங்காதவனை நாம் தேடிப் போகக் கூடாது; நின்ற இடத்திலேயே நின்று அவனைக் கூப்பிட வேண்டும். அவன் நடந்து வருகிற தூரத்திலேயே பாதிக் கோபம் இறங்கிவிடும். வந்தவனிடம், "தம்பி, ஒம் பேரு என்ன?" என்று கேட்க வேண்டும். தெரிந்த பையனாக இருந்தாலும் கேட்க வேண்டும். தன் பெயரைத் தன் வாயால் சொல்லும்போது மீதிக் கோபமும் இறங்கிவிடும் என்பது அப்பாவின் நம்பிக்கை.

இதற்கெல்லாம் மேலே அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அது புத்தகத்தில் இருந்ததா, அவரே வைத்துக்கொண்டதா, எனக்குத் தெரியாது. "எங்கிட்ட வந்து எனக்கு மட்டும் கேக்கச் சொன்னா அது பேச்சு. அதுக்குப் பேச்சாலதான் பதில். ஊரு கேக்கச் சொன்னா அது கார்டு." ஆத்தாளையும் அக்காளையும் இழுத்துப் பேசுகிறவனுக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. அவனுக்கு நேராகச் சிவப்புதான்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அம்மா கல்யாணமாகி வரும்போதே அவரையும் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அப்போது மாமா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும், காலையில் எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அப்பாதான். எனக்கு விவரம் தெரிந்தபோது மாமா ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். அந்தக் கம்பெனி முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம். சொந்தமாக ஒரு அணி வைத்திருந்தார். மாமாவுக்கு அங்கே வேலை கிடைத்தது காலுக்காகத்தான் என்று மாமாவே சிரித்துக்கொண்டு சொல்வார். அணிக்கு அவர்தான் கேப்டன்.

மேட்ச் முடிந்த சாயங்காலங்களில் இரண்டு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, வெங்காயத்தையும் தக்காளியையும் இரண்டு அணிகளாகப் பரப்பி, நடந்து முடிந்த ஆட்டத்தைத் திரும்பவும் ஆடுவார்கள். அம்மா ஒவ்வொரு ஆட்டக்காரனாக எடுத்து நறுக்கிக்கொண்டே போவார். "அக்கா, அவன் கோல்கீப்பர், அவன விட்டுரு" என்று மாமா தடுப்பார். அப்பாவை அவர் அத்தான் என்று கூப்பிடுவதும், அப்பா அவரை மாப்ள என்று கூப்பிடுவதும் அண்ணன் தம்பி கூப்பிட்டுக்கொள்கிற மாதிரித்தான் இருக்கும்.

அவர் ரெஃப்ரியாக இருந்த கடைசி ஒன்றிரண்டு வருஷங்களில் அப்பாவுக்குப் பொறுமைசாலி என்று ஒரு பெயர் வந்திருந்தது. மற்ற ரெஃப்ரிகள் ஒரு சொல்லுக்கே மஞ்சள் அட்டையை உருவிக்கொண்டிருந்தபோது, அப்பாவை யார் என்ன சொன்னாலும் காற்றில் போகிற மாதிரி விட்டுவிடுவார். முதுகுக்குப் பின்னால் நின்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவர் விசில் பிடித்தால் மைதானத்தில் சண்டையே வராது என்று போட்டி நடத்துகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மாவிடமும் யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எண்ணெய் கொட்டியதற்கெல்லாம் அந்தப் பொறுமையைக் காணோமே என்று அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கோடை விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் மாமாவின் அணியும் அந்த ஊர் அணியும் மோதின. அப்பா சும்மா பார்க்கத்தான் வந்தார். அம்மா, நான், இடுப்பில் தம்பி, எல்லாரும் டவுன் பஸ்ஸில் போயிருந்தோம். மைதானத்தின் ஒரு ஓரத்தில் நின்றால் கோயில் கோபுரம் முழுசாகத் தெரியும். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கவில்லை. சிவகாசியிலிருந்து வர வேண்டிய ரெஃப்ரி வழியில் பைக்கிலிருந்து விழுந்து கையில் கட்டோடு இருப்பதாகப் போன் வந்தது.

போட்டிக்காரர்கள் அப்பாவிடம் வந்தார்கள். மச்சினன் ஆடுகிற ஆட்டத்தில் நான் விசில் பிடிக்கக் கூடாது என்று அப்பா மறுத்தார். எதிரணி மேனேஜரே வந்து, "நீங்க பெத்த மகன் ஆடினாலும் எங்களுக்குச் சம்மதம் அண்ணாச்சி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அப்பா விழுந்துவிட்டார். பை கையில்தான் இருந்தது. கறுப்புச் சட்டையும் விசிலும் இல்லாமல் அவர் எந்த மைதானத்துக்கும் போனதில்லை. அம்மா மட்டும், "வேண்டாமே, நமக்கு எதுக்கு" என்றார். அதை நான் கேட்டேன். அப்பா அதற்குள் சட்டை மாற்றப் போய்விட்டார்.

முதல் பாதி நல்லபடியாகப் போயிற்று. ஆளுக்கு ஒரு கோல். மாமா அடித்த கோலுக்கு அப்பா கையைக் காட்டி விசில் ஊதியபோது அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது.

இரண்டாவது பாதியில்தான் அந்தச் சிரிப்பு ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அணியில் ஒன்பதாம் நம்பர் போட்டவன் ஒருவன், முடியில் செம்பட்டைச் சாயம் ஏற்றிய உயரமான பையன். யாரோ அவன் காலைத் தட்டிவிட்டதற்காக, "சார், சார்" என்று அப்பாவின் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தான். அப்பா திரும்பவில்லை. அவன் நின்று, அப்பாவின் முதுகைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, வேறு ஏதோ சொன்னான். அப்பா அதற்கும் திரும்பவில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கமிருந்து அவன் ஏதாவது சொல்வான். முதலில் அவன் அணிக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு கோட்டோரம் நின்று பார்த்தவர்கள், கடைசியில் மாமாவின் அணியிலேயே இரண்டு பேர். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சிரிப்பு மட்டும்தான் வந்தது, சொல் வரவில்லை. மடியில் இருந்த தம்பியும் கைகொட்டிச் சிரித்தான். யார் சிரித்தாலும் சிரிக்கிற வயது அவனுக்கு.

"என்ன சொல்லுதானுக?" என்று அம்மா பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "விடுங்கக்கா, வெளையாட்டுப் பயலுக" என்றார்.

மாமா ஓடிப்போய் ஒன்பதாம் நம்பரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். தள்ளியது கொஞ்சம்தான். அவன் குண்டடி பட்டவன் மாதிரி விழுந்து புரண்டான். அப்பா அந்த நேரம்தான் திரும்பினார். அவர் கண்ணில் பட்டது தள்ளியது மட்டும். மாமாவை, "கேப்டன்" என்று கூப்பிட்டார். மைதானத்தில் அவர் மாப்ள என்று கூப்பிடுவதில்லை. மாமா வந்து நின்றார். ஏன் தள்ளினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். அப்பா மஞ்சள் அட்டையைக் காட்டினார்.

அதோடு அந்தப் பையன் அடங்கியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. பந்து வெளியே போய் ஆட்டம் நின்றிருந்த ஒரு இடைவெளியில், அவன் அப்பாவுக்குப் பின்னால் நடந்துகொண்டே, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கையைக் காட்டி, கொஞ்சம் நீளமாக ஏதோ சொன்னான். இந்தத் தடவை எல்லாரும் சிரிக்கவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா தம்பியை இறுக்கிப் பிடித்தார். அவன் வலித்து அழுதான்.

மாமா அந்தப் பையனிடம் போகவில்லை. நடந்து, ஓடாமல் நடந்து, அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றார். கையை உயர்த்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மிக மெதுவாக ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை என்று பின்னால் எல்லாருமே சொன்னார்கள். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி மைதானத்தைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். கோட்டோரம் நின்றவர்கள், ஆட்டக்காரர்கள், எங்கள் பக்கம், எல்லாவற்றையும் அப்போதுதான் வந்து சேர்ந்தவர் மாதிரி பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

அப்பாவின் கை பின்பாக்கெட்டுக்குப் போயிற்று. இரண்டாவது மஞ்சள் இல்லை. நேரே சிவப்பு.

மாமா அந்த அட்டையைப் பார்த்தார். ஏதோ கேட்டதற்குச் சரி என்று ஒத்துக்கொள்கிறவர் மாதிரி தலையை ஒரு தடவை அசைத்தார். கையிலிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். எங்கள் பக்கம் வரவில்லை. பத்துப் பேரோடு ஆடிய மாமாவின் அணி தோற்றுப் போயிற்று. கடைசி கோலை அடித்தவன் ஒன்பதாம் நம்பர்தான். சிரிப்பு நின்றுவிட்டதே தவிர வேறொன்றும் அவனுக்கு ஆகவில்லை.

மெதுவாகச் சொன்னதுதான் மாமாவுக்கு வினையாகிவிட்டது. சத்தமாகத் திட்டியிருந்தால் என்ன திட்டினார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும், நாலு நாளில் மறந்திருக்கும். யாருக்கும் கேட்காததால் அவரவர் மனதுக்கு எட்டிய கெட்ட வார்த்தையையெல்லாம் மாமாவின் வாயில் வைத்தார்கள். அவ்வளவு பொறுமையான மனுஷன், எவ்வளவு திட்டினாலும் திரும்பிப் பார்க்காதவர், அவரே சொந்த மச்சினனுக்குச் சிவப்பு அட்டை எடுக்கிறார் என்றால் அவன் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்க வேண்டும். கணக்கு சரியாகத்தான் வந்தது.

போட்டிக்காரர்கள் அப்பாவைக் கேட்டதற்கு, "மரியாதை இல்லாமப் பேசினான்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. கம்பெனி முதலாளி மாமாவைக் கூப்பிட்டு, என்ன சொன்னாய் என்று சொல், நான் மேலே பேசிப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறார். மாமா, "கெட்ட வார்த்தையில வைஞ்சிட்டேன்" என்றாராம். என்ன வார்த்தை என்றதற்கு, உங்கள் முன்னால் சொல்ல முடியாது என்றாராம். ஒரு வருஷம் ஆடக் கூடாது என்று தடை வந்தது. காலுக்காக வந்த வேலை காலோடு போயிற்று. முதலாளி நல்ல மனிதர்தான், போகச் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி பெயரைக் கெடுத்தவன் என்று பேக்கிங் பிரிவில் தினமும் யாராவது சொல்லிக் காட்டினார்கள். மாமா ஒருநாள் காலையில் திருப்பூருக்குப் போய்விட்டார்.

அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். "அவன் அப்படி என்னத்தச் சொன்னான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்பா போட்டிக்காரர்களுக்குச் சொன்ன பதிலையே அம்மாவுக்கும் சொன்னார். வீடு முதல்முறையாக அமைதியாயிற்று. சத்தத்தையே காணோமே, ஊருக்குப் போய்விட்டீர்களோ என்று பக்கத்து வீட்டம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு மட்டும் ஒன்று புரியவில்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். "மாமா மெதுவாத்தானப்பா சொன்னாக. மெதுவாச் சொன்னா அது பேச்சுதான? நீங்கதான சொன்னீக?" அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. "போய்ப் படி" என்றார். விடுமுறையில் என்ன படிப்பது என்று நான் கேட்கவில்லை.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு அப்பா விசில் பிடிக்கவில்லை. யாராவது கூப்பிட வந்தால் முட்டி வலி என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷம் மில்லில் அவரை மேஸ்திரி ஆக்கினார்கள். அம்மா கேசரி கிண்டினார். மாமாவுக்குப் போனில் சொன்னார். மாமா அந்தப் பக்கத்திலிருந்து ரொம்பச் சந்தோஷப்பட்டதாக அம்மா சத்தமாக எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார். அப்பா கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். மாமா திருப்பூரிலிருந்து வந்தார். அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்து வந்தவர், பாடையின் முன்பக்கம் ஒரு தோள் கொடுத்தார். சடங்கெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன ஒரு மத்தியானம், மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். அப்பாவுக்குக் காது கேட்காமல் போக ஆரம்பித்து அந்த ஆட்டத்தின்போதே சில வருஷம் ஆகியிருந்ததாம். மிஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. எதிரே நின்று வாயசைத்துப் பேசினால் எல்லாம் பிடித்துக்கொள்வார். பின்னால் இருந்து பேசினால் ஒன்றும் விழாது. வீட்டில் அம்மாவுக்குக்கூட அது முழுசாகத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும், கூடவே ஆடியவர், கூடவே நடந்தவர்.

"அன்னைக்கு நீங்க என்ன மாமா சொன்னீங்க?"

மாமா கையிலிருந்த வேட்டியை மடித்து முடித்தார். பிறகுதான் சொன்னார். "'அத்தான், ஒங்களுக்குக் கேக்காதுன்னு கண்டுபிடிச்சிட்டானுக. ஒங்களையும் அக்காவையும் வச்சு அசிங்கமாப் பேசுதானுக, ஊரே சிரிக்குது. விசிலக் குடுத்துட்டு வந்துருங்க. நாம வீட்டுக்குப் போயிருவோம்.' அம்புட்டுதான் சொன்னேன்."

அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லையே என்றேன்.

"அவரு எடுத்தது தப்பில்ல பாப்பா. ஆட்டத்துக்கு நடுவுல ரெஃப்ரியப் பாத்து வெளிய போங்கன்னு ஒருத்தன் சொன்னா, அது என்னன்னு கணக்கு?" என்றார் மாமா. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவர் அந்தத் தீர்ப்புக்குச் சட்டம் தேடி வைத்திருந்தார்.

அப்போதே முதலாளியிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா ரெஃப்ரி வேலை போறது கெடக்கட்டும். காது கேக்காத ஆள மிஷின் பக்கத்துல நிறுத்துவானுகளா? மேஸ்திரி ஆகப் போற நேரம் அது. நீங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைக" என்றார். மைதானத்தில் எத்தனையோ பேர் அப்பாவை என்னென்னவோ பேசினார்கள். அதில் ஒன்றும் அப்பாவின் காதில் விழவில்லை. எதிரே வந்து நின்று பிரியத்தோடு சொன்ன ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது. அதைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

மாமா சொல்லச் சொல்ல எனக்கு வ. புதுப்பட்டி நினைவுக்கு வந்தது.

அந்த ஊருக்கு வெளியே, மலையைப் பார்த்த மாதிரி ஒரு தோப்புக்குள் எங்கள் குலசாமி கோயில் இருக்கிறது. மாமா திருப்பூருக்குப் போன சில மாதங்களில் தம்பிக்கு அங்கே காது குத்தினோம். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்து ஏது? "அவனைக் கூப்பிடணும்" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. நான் எதிரே போய் நின்று அதையே சொன்னேன். "கூப்பிடுங்க, நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்றார்.

மாமா விடியற்காலையிலேயே வந்துவிட்டார். தாம்பாளத்தில் தோடு, தம்பிக்குச் சட்டை, எனக்குப் பாவாடை, அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குப் பட்டுக்கரை வேட்டி எல்லாம் இருந்தன. திருப்பூர் அவரைக் கறுக்க வைத்திருந்தது. தம்பியை மடியில் வைத்து, அவன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் தம்பி வீறிட்டான். மாமாவின் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டியது. சுற்றி நின்றவர்கள், பிள்ளையைவிட மாமன் அதிகமாக அழுகிறான் என்று கேலி செய்தார்கள். அப்பா அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எப்படியோ அந்தக் காரியத்தை முடித்தார்கள்.

சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது மாமா கிளம்பினார். மறுநாள் காலையில் அவர் வேலைக்கு நிற்க வேண்டும். அப்பா கோயிலுக்குப் பின்னால், கறி வெந்துகொண்டிருந்த அண்டாவுக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்ச் செம்போடு நானும் அங்கேதான் நின்றேன். மாமா வந்து அப்பாவின் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றார். சுற்றிக்கொண்டு எதிரே போயிருக்கலாம். அந்த முகத்துக்கு நேரே இன்னொரு தடவை போய் நின்று பேச அவருக்குத் தைரியம் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"அத்தான், போயிட்டு வாரேன்."

அப்பா அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா செத்த நேரம் பொறுத்தார். "அன்னைக்கு நான் அங்க வச்சுச் சொல்லிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்கிடாதீங்கத்தான்" என்றார்.

அப்பா கரண்டிக்காரரிடம் கையைக் காட்டி, அடுப்பைத் தணிக்கச் சொன்னார். திரும்பவே இல்லை.

மாமா இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு என் தலையைத் தடவிவிட்டுத் தோப்பைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தார். வத்திராயிருப்பிலிருந்து வந்த பஸ் நின்று கிளம்பிய சத்தம் கேட்டது. அவர் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பந்தி முடியும் நேரத்தில் அப்பா ஒரு இலையைப் போட்டு, அதில் கறியையும் ஈரலையும் தனியாக எடுத்து வைத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பட்டுக்கரை வேட்டியைக் கட்டியிருந்தார். பிறகு அம்மாவிடம் வந்து, "மாப்ள எங்க? இன்னும் சாப்பிட வரலையே" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது.

"அவன் அப்பவே போயிட்டானே" என்றார் அம்மா.

அப்பா வேகமாக ரோட்டுக்குப் போனார். அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வெயிலில் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகம் வாடிக் கிடந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "ஒரு வார்த்தை சொல்லலையே பாப்பா" என்றார்.

மாமா சொன்ன இரண்டு வார்த்தையையும் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். கோபம் வந்தால் பெரியவர்கள் இப்படித்தான் பொய் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை பேருக்கு முன்னால் அப்பாவின் பொய்யைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஆமாம்ப்பா, மாமா ஒண்ணுமே சொல்லல என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.